பிள்ளைக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு ஒரு காலண்டர்

நம் இதழில் பஞ்சகவ்யம், மீன் அமிலம், மூடாக்கு, பலதானிய விதைப்பு என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதியாயிற்று. படித்துப் பயன்பட்டவர்களில் நானும் ஒருவன். இந்த முறை ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். அவர்களுக்கு நாள், கிழமை, மாதம் சொல்லித் தருவதைப் பற்றி. 'அதுக்குத்தான் வாத்தியார் இருக்காரே, இதுல விவசாயம் எங்க வந்துச்சு?' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாள் கணக்கைப் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டதில் நட்டம் நமக்குத்தான் என்பது என் கட்சி. அதை ஒரு கீரைப் பாத்தியில் சரிசெய்ய முடியும் என்பதும்.

30 வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன். பாதிக்கு மேல் கிராமக் கிளைகள். விவசாயிக்கு நாள் கணக்கு தெரியாது என்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'ஆவணி பத்தாம் தேதி நாத்து விட்டேன், தையில அறுப்பு' என்று பிசகில்லாமல் சொல்வார்கள். சிக்கல் வேறு. வயல் ஒரு காலண்டரில் ஓடுகிறது, பேரேடு இன்னொரு காலண்டரில் ஓடுகிறது.

பயிர்க்கடன் கதை உங்களுக்குத் தெரியும். 3 லட்சம் வரைக்கும் 7 சதவீத வட்டி. தவணைத் தேதிக்குள் கட்டினால் அதில் 3 சதவீதம் குறையும், 4 சதவீதம்தான் நிற்கும். ஒரு லட்சம் கடனுக்கு அந்த 3 சதவீதம் வருடத்துக்கு 3,000 ரூபாய். ஒரு பெரியவர், 'ஆவணி முடியறதுக்குள்ள கட்டிடறேன் சார்' என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல் தவறவில்லை. ஆவணி 28-ம் நாள் துண்டில் முடிந்த பணத்தோடு வந்து நின்றார். தவணைத் தேதி ஆகஸ்ட் 31. ஆவணி 28 என்றால் செப்டம்பர் 13. சலுகை போயிற்று. கூட வந்த மகன் பட்டதாரி, கையில் நல்ல போன். அப்பாவுக்கு ஆகஸ்ட் எப்போது முடிந்தது என்று நினைவில்லை. மகனுக்கு ஆவணி எப்போது முடியும் என்று தெரியாது. இரண்டையும் தெரிந்த ஒருவர் அந்த வீட்டில் இருந்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். பயிர்க் காப்பீட்டிலும் இதே சங்கதிதான். சம்பாவுக்குக் கடைசி நாள் நவம்பர் 15 என்று பல வருடம் அறிவித்திருக்கிறார்கள். ஐப்பசி முடியப்போகிறது என்று தெரிந்தவருக்கும் நவம்பர் 15 நெருங்கிவிட்டது என்று உறைப்பதில்லை.

ஆனால் டெல்டாவில் எந்த உழவரைக் கேட்டாலும் ஜூன் 12 மட்டும் மறக்காது. மேட்டூர் திறக்கிற நாள். அந்தத் தேதியை யாரும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யவில்லை. தண்ணீர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் மனதில் நின்றது. ஏதாவது ஒன்று தொங்கினால்தான் தேதி மனதில் நிற்கும். பெரியவர்களுக்கே அப்படி என்றால் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

இப்போது நம் பிள்ளைகளைப் பாருங்கள். எல்.கே.ஜி. போகிற குழந்தை ஜனவரி, பிப்ரவரி என்று ஒரே மூச்சில் டிசம்பர் வரை ஒப்பிக்கும். நாமும் வந்தவர்கள் முன்னால் சொல்லச் சொல்லிப் பெருமைப்படுவோம். ஏப்ரலுக்கு முந்தின மாசம் எது என்று கேட்டால் மறுபடி ஜனவரியிலிருந்து ஆரம்பிக்கும். போன வாரம் நடந்ததும் 'நேத்து'தான், போன பொங்கலும் 'நேத்து'தான். 'நாளைக்கு', 'நாளன்னைக்கு', 'அடுத்த வாரம்' எல்லாம் ஒன்றுதான். குழந்தையைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நேரம் கண்ணுக்குத் தெரியாத பொருள். கல்லை எண்ணலாம், மாங்காயை எண்ணலாம். போய்விட்ட நாளை எங்கே வைத்து எண்ணுவது?

கொட்டாங்குச்சியில் வைத்து எண்ணலாம்.

என் தோட்டம் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர் பக்கம். பேத்திக்கு ஆறு வயது, திருச்சியில் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் தினமும் வருவார்கள். அவர்களுக்கு நான் 'பேங்க் தாத்தா'. நாலு பேருக்கும் ஆளுக்கு மூணடிக்கு நாலடியில் ஒரு பாத்தி. முதல் பயிர் சிறுகீரை. கீரை விதை கடுகைவிடச் சின்னது, அப்படியே போட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். மணலோடு கலந்து தூவச் சொல்ல வேண்டும். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியின் ஓரத்தில் ஒரு பிடி குருணையைத் தூவிவிட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும். விதைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு பாத்தி மூலையிலும் ஒரு கொட்டாங்குச்சி. பொழுது விடிந்ததும் அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேத்தி இல்லாத நாட்களில் அவளுடைய கொட்டையைப் பக்கத்து வீட்டுப் பெண் போடுவாள்.

மூன்றாவது, நாலாவது கொட்டையில் மண் கீறிக்கொண்டு முளை தெரியும். பத்துக் கொட்டை விழுந்ததும் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கிக் கலைத்துவிடலாம், பிடுங்கினதைக் கோழிக்குப் போடலாம். 21 கொட்டை சேரும்போது கீரை சமையலுக்கு வந்துவிடும். கொஞ்சம் தாமதமானால் 25. முதல் நாளே பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை வந்தது: விதைத்த அன்றைக்கும் கொட்டை போடணுமா, வேண்டாமா? வங்கிப் பயிற்சியில் எங்களுக்கும் இதே கேள்விதான் வரும், பணம் கட்டின நாளுக்கு வட்டி உண்டா, எடுத்த நாளுக்கு உண்டா என்று. இரண்டு முனையையும் சேர்த்தால் ஒரு நாள் கூடிப்போகும். ஆறு வயதில் இந்தச் சண்டையைப் போட்டவர்களுக்கு அப்புறம் நாள் கணக்கில் தடுமாற்றம் வராது.

21-ஐ நான் வேண்டுமென்றே பிடித்துக்கொண்டேன். கீரை பறித்த அன்று கொட்டாங்குச்சியைத் திண்ணையில் கவிழ்த்து, கொட்டைகளை வரிசைக்கு ஏழாக அடுக்கச் சொன்னேன். மூன்று வரிசை வந்தது. எந்தக் கொட்டை எந்தக் கிழமை என்று திங்களிலிருந்து சொல்லிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கொட்டையும் ஞாயிற்றுக்கிழமை. 'தாத்தா, நான் வந்த நாள் எல்லாம் ஒரே கோட்டுல நிக்குது' என்றாள் பேத்தி. சாக்பீஸால் அதைச் சுற்றிக் கட்டம் போட்டோம். அதற்கப்புறம்தான் மாதக் காலண்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். கட்டம் எதற்கு, ஏன் ஏழு, ஏன் முதல் வரிசையில் சில கட்டம் காலி என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தினசரி கிழிக்கிற காலண்டரைப் பெரும்பாலான வீட்டில் ஆள் உயரத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருப்போம். அதை இறக்கிப் பிள்ளையின் கண் உயரத்துக்கு மாட்டுங்கள். கிழிக்கிற உரிமை பிள்ளைக்கு. கிழித்த தாள் நேற்று, மேலே நிற்பது இன்று, அடியில் இருப்பது நாளை. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது. அந்தத் தாளில் இன்னொரு பெரிய வசதி, ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஜூலை 17 அன்று பார்த்தால் ஆடி 1. 'ஏன் தாத்தா ரெண்டு நம்பர்?' என்று கேள்வி வரும், வரட்டும். தமிழ் மாதம் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஆனி பெரும்பாலும் 32 நாள் வரும், மார்கழி 29-லேயே முடிந்துவிடும், சில வருடம் 30. சூரியன் ஒவ்வொரு ராசியைக் கடக்க எடுத்துக்கொள்கிற நாள்தான் மாதம், ஆனி வாக்கில் அது மெதுவாக நகர்வதுபோல் தெரியும், மார்கழியில் வேகமாக. ஆறு வயசுக்கு இந்தக் காரணம் வேண்டாம். 32 என்ற தாளைத் தன் கையால் கிழித்தால் போதும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பேச்சுப் போட்டியில் முழங்குகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடி எந்தத் தேதியில் பிறக்கிறது என்று மேடையிலிருந்து இறங்கின பிறகு கேட்டுப் பாருங்கள்.

முன்னால் எண்ணுவது பாதிக் கணக்குதான். பின்னால் எண்ணத் தெரிவதுதான் விவசாயம். இதற்கு நம் ஊரில் ஏற்கனவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, முளைப்பாரி. திருவிழா நாள் குறித்ததும் பெண்கள் அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் விதை போடுவார்கள். முந்திப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும், பிந்திப் போட்டால் எட்டாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி செய்கிற திட்டமிடல் அது. பிள்ளைகளைக் கும்மியடிக்க மட்டும் கூப்பிடாமல் விதை போடுகிற அன்றைக்கும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

தோட்டத்தில் அதே வேலைக்குப் பரங்கிப் பூ இருக்கிறது. மார்கழி முதல் நாள் கோலத்தில் சாணி உருண்டையில் பூ வைக்கணும். மார்கழி 1 என்பது டிசம்பர் 16. பரங்கியில் ஆண் பூ விதைத்த 40, 45 நாளில் வரத் தொடங்கும், தினமும் நாலு பூ பறிக்கிற அளவுக்குக் கொடி வருவதற்கு 55 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் விதை என்றைக்குப் போடணும்? போன வருடம் பிள்ளைகள் காலண்டரில் பின்பக்கமாக விரல் வைத்துக்கொண்டே போனார்கள். டிசம்பரில் 16, நவம்பரில் 30, ஆக 46. இன்னும் 9. அக்டோபர் 22-ல் விரல் நின்றது, ஐப்பசி பிறந்து சில நாள். அன்றைக்குப் போட்டார்கள். மார்கழி முதல் நாள் ஏழு பூ. ஆண் பூவைப் பறிப்பதால் காய்ப்பு கெடாது, ஒன்றிரண்டைத் தேனீக்கு விட்டுவைத்தால் போதும். எது ஆண் பூ, எது அடியில் பிஞ்சோடு இருக்கிற பெண் பூ என்று பார்த்துப் பறிக்கப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

எண்ணிக்கைக்குக் கட்டுப்படாத பயிர் ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அதற்கு நாட்டுப் பந்தல் அவரை. (குத்தவரையில் சில ரகம் எப்போது போட்டாலும் காய்க்கும், அதைச் சொல்லவில்லை.) ஆடி பிறந்ததும் ஒரு பிள்ளை போட்டான், ஆவணியில் இன்னொருவன் போட்டான். முன்னவன் கொட்டாங்குச்சி நிறைந்து வழிந்து இரண்டாவது கொட்டாங்குச்சிக்குப் போயும் பூவைக் காணோம். கடைசியில் இரண்டு கொடியும் ஏறக்குறைய ஒரே வாரத்தில், பனி விழ ஆரம்பித்த பிறகு பூத்தன. முன்னவனுக்குக் கோபமான கோபம். அவரை புளியங்கொட்டையை எண்ணாது, ராத்திரி நீள்வதைத்தான் பார்க்கும். நம் பக்கத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட. அதை அந்தக் கொடி கண்டுபிடித்துவிடுகிறது. நம் பழைய சம்பா நெல் ரகங்களும் இப்படித்தான், பட்டம் தவறிப் போட்டால் கதிர் வராமல் இலையாக நிற்கும். பட்டம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பிள்ளைக்கு விளங்குவது இங்கேதான். கீரைக்கு நாள், அவரைக்குப் பருவம். இரண்டும் வேறு வேறு காலண்டர் என்பது தெரியாமல் நகரத்திலிருந்து நிலம் வாங்க வருகிற பெரியவர்கள் எத்தனை பேர்! எனக்குத் தினமும் போன் வருகிறது. ஐந்து ஏக்கர் தேடுவதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளையோடு மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்து ஒரு வருடம் கொட்டை எண்ணிவிட்டு வாருங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்வது. சிலர் போனை வைத்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் போட 2019-ல் மத்திய அரசே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு நம் மாநிலத்தில் 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. இரண்டையும் ஒரு பாத்தியில் சேர்க்க முடியும். ஆனால் நான் பார்த்த ஒரு பள்ளியில் நடந்தது இது: அதிகாரி வருகிறார் என்று முதல் நாள் சாயங்காலம் நர்சரியிலிருந்து நாற்பது நாற்று வாங்கி நட்டு, பிள்ளைகள் கையில் பூவாளியைக் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தார்கள். செடி நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பது நாள் செடியை முதல் நாளே கையில் கொடுத்தால் நடுவில் இருந்த முப்பது நாள் எங்கே போயிற்று?

ஜூன் 5 மரம் நடுவிழாவும் இந்த ரகம்தான். உலகச் சுற்றுச்சூழல் நாள், நல்ல நோக்கம், மறுக்கவில்லை. தென்மேற்குப் பருவமழை நனைக்கிற ஊரில் அது சரியாக இருக்கலாம். புதுக்கோட்டையில் ஜூன் என்றால் அனல் காற்று. எங்களுக்கு நம்பகமான மழை வடகிழக்கில்தான், அது தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில். ஜூனில் நட்டு, போட்டோ எடுத்து, ஆடிக் காற்றில் காய்ந்துபோன கன்றை வருடா வருடம் பார்க்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? அன்றைக்கு விதை சேகரிக்கலாம், நாற்றங்கால் போடலாம். நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அந்தத் தேதியைப் பிள்ளைகளையே காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லலாம்.

நம் இயக்கத்து நண்பர் ஒருவர் இதற்கு எதிர்க்கட்சி. 'மண்ணுல விளையாடற கொஞ்ச நேரத்தையும் பாடமாக்கணுமா சார்? விட்டுடுங்களேன்' என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டுப்பாடம், டியூஷன், அதோடு தாத்தாவின் காலண்டர் வகுப்பு என்றால் பிள்ளை அடுத்த ஞாயிறு வராது. அதனால்தான் என் தோட்டத்தில் நோட்டு கிடையாது, சரியா தப்பா என்று மதிப்பெண் கிடையாது. ஒருநாள் கொட்டை போட மறந்தால் மறந்ததுதான், நான் எடுத்துக் கொடுப்பதில்லை. கீரை பிந்தி வந்ததா, கணக்கு முந்தி நின்றதா என்று அவர்களே மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஆனால் சும்மா விட்டுவிட்டால் தானாக வந்துவிடும் என்று நண்பர் நினைப்பதை ஏற்க முடியவில்லை. நம் தலைமுறைக்குத் தானாக வந்தது, ஏனென்றால் வீட்டில் எல்லார் வாயிலும் பட்டமும் மாசமும் இருந்தது. இன்றைக்கு வீட்டில் பேச்சு வேறு.

பெரியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முளைக்காத விதையை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிப் போடாதீர்கள். பேத்தி அழுவாளே என்று கை துறுதுறுக்கும். கொத்தமல்லியைத் தேய்த்து உடைக்காமல் போட்டால் முளைப்பு சரியாக இருக்காது, உடைத்துப் போட்டாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பிள்ளை ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும். பார்க்கட்டும். வெண்டை ஆடியில் நாலு கொட்டையில் முளைத்தது, மார்கழிக் குளிரில் எட்டு ஆயிற்று. போன தடவை கொட்டாங்குச்சியில் எத்தனை இருந்தது என்று அவர்களே ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். காய்க்க ஆரம்பித்துவிட்டால் வெண்டைக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பு. தவறினால் முற்றி நாராகிவிடும். 'ஒன்றுவிட்டு ஒருநாள்' என்ற சொல்லுக்கு அந்த நாரைவிட நல்ல விளக்கம் இல்லை.

இயக்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான், செலவும் அதிகமில்லை. நம் விதைத் திருவிழாக்களில் குழந்தைகள் மூலை என்று ஒதுக்கி, படம் வரைய வைத்து அனுப்புகிறோம். மேடையில் பெரியவர்கள் மண்புழுவைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து கிரேயானில் மண்புழு வரைகிறார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிட்டிகை கீரை விதையும் ஒரு பிடி புளியங்கொட்டையும் கொடுத்து அனுப்புவோம். அடுத்தது, விதைப் பொட்டலம். இப்போது அதில் ரகத்தின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. நாள் இல்லை. முளைப்புக்கு எத்தனை நாள், முதல் பறிப்புக்கு எத்தனை நாள், எந்தப் பட்டம் என்று மூன்று வரி அச்சடித்தால் என்ன?

இதை விதை சேகரிக்கிற தோழர்களிடம் சொன்னபோது, 'ஊருக்கு ஊர் மாறுமே சார், எதைப் போடறது? நாமக்கல்லுல ஒண்ணு, நாகப்பட்டினத்துல ஒண்ணு' என்றார்கள். உண்மைதான். அப்படியானால் எண்ணை அச்சடிக்க வேண்டாம், வரியை மட்டும் அச்சடியுங்கள். 'விதைத்த தேதி', 'முளைத்த தேதி', 'பறித்த தேதி' என்று மூன்று கோடு, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் இடம். பிள்ளை நிரப்பட்டும். நிரப்பின பொட்டலத்தை அடுத்த திருவிழாவுக்குக் கொண்டுவருகிற பிள்ளைக்கு அடுத்த விதை இலவசம். நாலைந்து வருடத்தில் நம் மாவட்டத்துக்கு எந்தக் கீரை எத்தனை நாள் என்று பிள்ளைகள் கையெழுத்திலேயே ஒரு பட்டியல் நம்மிடம் இருக்கும்.